கிளி விரட்டுகிறவளின் ஆர்க்கெஸ்ட்ரா

"கிளி வெரட்டுற புள்ளைக்கு ஆர்க்கெஸ்ட்ராவப் பத்தி என்னடா தெரியும்?"

நாகல் நகரில் ஒரு மாடி அறையில், தோளில் கிடாரை மாட்டிக்கொண்டிருந்த ஒருவன் இப்படிக் கேட்டான். என்னிடம் கேட்டிருந்தால் அப்போதே பதில் சொல்லியிருப்பேன். வயலின் பெட்டியோடு நான் வாசலில் நிற்க, என்னைக் கூட்டிவந்த நண்பனிடம் கேட்டான். அதுதான் அதிகம் சுட்டது. அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. மங்கிவிடக் கூடாதென்று அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைக்கிறேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. நான் கிளி விரட்டியவள்தான். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் என் அப்பா வருடாவருடம் ஒரு கொய்யாத் தோப்பைக் குத்தகைக்கு எடுப்பார். காய் செங்காயாகும் சமயத்தில் கிளிகள் கூட்டமாக இறங்கும். ஒரு காயை முழுதாகத் தின்றுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. இந்தக் காயில் ஒரு கொத்து, அந்தக் காயில் ஒரு கொத்து என்று தோப்பையே எச்சில் பண்ணிவிட்டுப் போகும். கொத்துப்பட்ட காயைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். அதனால் விடிந்ததும் நானும் அம்மாவும் ஆளுக்கொரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் போய்விடுவோம். விரட்டி முடித்த பிறகுதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

டின்னை மெதுவாகத் தட்டினால் இரண்டு அடிகளுக்கு நடுவில் கிளி உட்கார்ந்துவிடும். நடுவில் இடமே இல்லாதபடி இரண்டு கையாலும் தட்ட வேண்டும். குரலும் அப்படித்தான். கீச்சென்று கத்தினால் கிளி பக்கத்து மரத்துக்கு மாறும், அவ்வளவே. என் தொண்டைதான் கட்டிக்கொள்ளும். ஒருநாள் சளியோடு கத்தப்போக, அடிவயிற்றிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்து மலைப்பக்கம் பறந்துவிட்டது. அன்றிலிருந்து அதையே பழகினேன். தொண்டையை இறுக்கக் கூடாது. மூச்சை வயிற்றில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வரும்.

"இதென்ன அம்மிணி, எருமை கத்தறாப்ல?" என்று அம்மா சிரித்தாள். "நாளைக்கு உன்னயப் பொண்ணு பாக்க வர்றவீங்ககிட்ட இப்படிப் பேசிப்போடாத."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவாள். இதை நான் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து எவ்வளவு தூரம் நடந்தேன் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி அது. அங்கே ஒரு பாடகர் குழு இருந்தது, அதற்கு வயலின்களும் இருந்தன. நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். வயலினுக்கு ஆள் எடுத்தபோது அதை யாரும் கேட்கவில்லை, விரல் நீளத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு பாட்டை நான்கு வரிசையாகப் பிரித்து வாசிப்போம். மெட்டு முதல் வரிசைக்குப் போகும். என்னை எப்போதும் நடுவரிசையில்தான் போட்டார்கள். முதலில் அழுகை வந்தது. பிறகு புரிந்தது. நடுவரிசை தனியாகக் காதில் விழாது. ஆனால் அது நின்றால் பாட்டு மெலிந்துவிடும். பத்தாம் வகுப்பில் நடுவரிசையை நானே எழுத ஆரம்பித்தேன்.

பிறகு திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தேன். என் வகுப்பில் பேகம்பூர்ப் பையன் ஒருவன் இருந்தான். கல்லூரிக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். எல்லோருக்கும் அவன் "பாய்". கம்ப்யூட்டர் லேபில் ஒரு மதியம் ஹெட்போனை என் காதில் மாட்டி, "நீ வயலின் வாசிப்பேல்ல, இதக் கேளு. பயந்துராத" என்றான்.

எங்கோ வடக்கு ஐரோப்பாவின் மெட்டல் குழு, முரட்டு ராக் இசையோடு ஆர்க்கெஸ்ட்ராவைக் கலப்பவர்கள். முதலில் வயலின்கள், மாதா கோயில் பாட்டு போல, நான்கு வரிசையாக, நடுவரிசை கனத்து நின்றது. அதன் அடியில் டிரம்ஸ், இடைவெளியே இல்லாத அடி. அதற்கும் அடியிலிருந்து ஒருவன் அடிவயிற்றால் கத்தினான். பாய் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பயப்படுவேன் என்று நினைத்திருப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் தோப்பு, பத்து மணிக்குப் பள்ளி ஜெபம். என் இரண்டு பொழுதுகளையும் யாரோ ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த அடி கிளி வெரட்டுற அடி" என்றேன். மேஜையில் தட்டிக் காட்டினேன். அவன் கண் விரிந்தது. "அல்லா சத்தியமா அதே வேகம். ஏம்மா, நீ இத்தன நாள் எங்க இருந்த?"

அப்படித்தான் அவன் என்னை நாகல் நகர் மாடிக்குக் கூட்டிப்போனான். கிடார்காரன் வீடு அது. குழுவில் பாட்டும் அவன்தான், கிடாரும் அவன்தான், பேச்சும் அவன்தான். பேஸ் கிடார் வாசிக்கும் இன்னொரு பையன் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டுவான். கிளி விரட்டுகிற கதையை பாய் பெருமையாகத்தான் சொன்னான். அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. கூடவே கிடார்காரன் இன்னொன்றும் சொன்னான்: "ஊர்த் திருவிழாவுல மைக்செட் கட்டிப் பாடுவாகளே, அந்த ஆர்க்கெஸ்ட்ரான்னு நெனச்சு வந்திருக்கும்."

நான் பெட்டியைத் திறந்து வாசித்தேன். அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். மாறியதை மறைத்ததையும் பார்த்தேன்.

"பரவால்ல. பின்னாடி ஓட்டிக்கலாம்" என்றான்.

அவனிடம் ஒரு பாட்டு இருந்தது. மூன்று கிடார் வரிகள், ஒரு கத்தல். நான் அதற்கு நான்கு வரிசை வயலின் எழுதினேன். திறப்பும் என்னுடையது, முடிவும் என்னுடையது. எழுதி முடித்தபோது அவனுடைய மூன்று வரிகள், பெரிய வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி ஆகிவிட்டன. நான்கு வரிசையையும் நானே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்துப் பதிவு செய்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ. ஆட்டோவில் கட்டி ஓட்டும் விளம்பரங்களை அங்கேதான் பேசிப் பதிவு செய்வார்கள். சிடியின் வலது பக்கத்தில் வயலின்கள், அது அரங்கத்து ஸ்பீக்கருக்கு. இடது பக்கத்தில் டக் டக் என்று தாளக் கணக்கு, அது டிரம்ஸ்காரன் ஹெட்போனுக்கு மட்டும். அவன் அதைக் கேட்டு அடிப்பான். அவனைப் பார்த்து மற்றவர்கள் வாசிப்பார்கள். சிடியோடு சேர்ந்து வாசிக்கும் குழுக்கள் செய்கிற ஏற்பாடு இது.

கல்லூரி விழா வந்தது. ஒத்திகைக்கு என்னைக் கூப்பிடவில்லை. கிடார்காரனிடமே போய்க் கேட்டேன்.

"சிடி இருக்குல்ல. நீ எதுக்கு?" என்றான். "அதுவுமில்லாம, ஸ்டேஜ்ல பொம்பளப் புள்ள நின்னா மெட்டல் மாதிரியே இருக்காதும்மா."

அரங்கத்தில் மாணவிகள் வரிசையில் உட்கார்ந்து என் வயலினைக் கேட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, வில் இல்லாத கையை வில் பிடித்த கை மாதிரி அசைத்தான். பிறகு மைக்கில், "ஆர்க்கெஸ்ட்ரா அரேஞ்ச்மென்ட் உட்பட எல்லாம் நம்மளோடதுதான்" என்றான். விசில் பறந்தது. பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, "என்னமா போட்டிருக்கான்ல?" என்றாள்.

வெளியே மரத்தடியில் அவனைப் பிடித்தேன். "என் பேரச் சொல்லலையே?"

"நீ வாசிச்ச. பாட்டு என்னோடது. கல்யாணப் பத்திரிகையில சமையக்காரன் பேரையா போடுவாக?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் பேசவும் இல்லை. அன்று அவன்மேலும் எனக்குக் கோபம்தான்.

என் அம்மாவின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. அப்பாவின் பெயர் குத்தகைப் பத்திரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகையாகத்தான் இருக்கிறது. என் பெயரை எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அதை எவனும் தின்றுவிட்டுப் போக நான் விடப்போவதில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்து முடிவு செய்தேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

வழியைக் கிடார்காரனே கொண்டுவந்து கொடுத்தான். மதுரையில் ஒரு கல்லூரியில் குழுக்களுக்கான போட்டி. "பாட்டு இன்னும் செத்த நீளமா வேணும். நடுவுல நான் சோலோ அடிப்பேன், அங்க மட்டும் வயலின நிறுத்திரு" என்றான்.

"சரி" என்றேன். நான் வழிக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். அவனுக்கு டீகூட வாங்கிக் கொடுத்தேன்.

ஊருக்குப் போய்த் தகர டின்னை எடுத்துவந்தேன். ஸ்டூடியோக்காரர் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, கடலெண்ணெ வாங்கப் போற வழியா?" என்றார். வயலின்களை அவன் கேட்டபடியே வாசித்தேன், ஒரு சுருதிகூடப் பிசகவில்லை. சோலோவுக்கு என்று அவன் கேட்ட இடத்தில் வயலின்களை நிறுத்தினேன். டின்னைத் தட்டினேன். பிறகு மைக் முன்னால் நின்று, மூச்சை வயிற்றில் பிடித்துக் கிளி விரட்டினேன்.

ஸ்டூடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "பொருட்காட்சியில பேய் வீடு ஏதும் போடுறாகளா? அதுக்கு விளம்பரமா?"

"இல்லண்ணே. என் பாட்டு."

கிடார்காரன் சிடியைப் போட்டு ஆரம்பத்தை மட்டும் கேட்டான். வயலின் எழுந்ததும், "போதும், ஏ ஒன்" என்று நிறுத்திவிட்டான். தன் சோலோ வரும் இடத்தைக் கேட்க அவனுக்கு அவசியம் இல்லை. அங்கே அவனைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவன் எண்ணம். பரீட்சை நேரம், சேர்ந்து ஒத்திகை பார்க்க முடியவில்லை; சிடியைத் தனியாகப் பழகுவதற்காக பாய் வீட்டுக்கு எடுத்துப்போனான். அதை நான் யோசித்திருக்கவில்லை. அவன் முழுவதும் கேட்பான். கேட்டுவிட்டுக் கிடார்காரனிடம் சொல்லிவிடுவான் என்று மதுரை போகும்வரை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதுரை அரங்கம் நிறைந்திருந்தது. நான் பெண்கள் பக்கம், நடு வரிசையில் உட்கார்ந்தேன். எங்களோடு பாதுகாப்புக்கு வந்திருந்த பேராசிரியை பக்கத்தில் இருந்தார். பாட்டு தொடங்கியது. என் வயலின்கள் கூரைவரைக்கும் எழுந்தன. சோலோவுக்காகக் கிடார்காரன் முன்னால் வந்து ஒரு காலை மானிட்டர் ஸ்பீக்கர்மேல் வைத்தான்.

வயலின் நின்றது. டின் அடி தொடங்கியது. அவன் முதல் சுரத்தைத் தொடும்போது என் குரல் அரங்கம் முழுக்க இறங்கியது.

அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டான். ஸ்பீக்கரைப் பார்த்தான். பேஸ் வாசிப்பவனைப் பார்த்தான். பாயைத் திரும்பிப் பார்த்தான். பாய் தலை குனிந்து, என் டின் அடிக்கு நேர் அடியாக, இடைவெளியே விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். பழகிய அடி. வீட்டில் பல நாள் பழகாமல் அந்தப் பொருத்தம் வராது. அவனுக்கு எல்லாம் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை என்று அந்த நொடியில் புரிந்தது. அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. எல்லாம் திட்டமிட்டது என்று நினைத்தார்கள். பாட்டு முடிந்ததும் நடுவர்களில் ஒருவர் மைக்கை எடுத்தார். "நடுவுல வந்த குரல் பிரமாதம். யாரோட குரல் அது?"

கிடார்காரன் சிரித்தபடி சொன்னான்: "இன்டர்நெட்ல எடுத்தது சார்."

நான் அங்கேயே, கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

எழுந்தேன். "அது நான்" என்று சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் வாயைத் திறந்தபோது பேச்சு வரவில்லை, தோப்புக் குரல்தான் வந்தது. ஸ்பீக்கரில் கேட்ட அதே சத்தம், மைக் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து. மூச்சு தீரும்வரை விட்டேன். அரங்கம் மொத்தமும் திரும்பியது.

பக்கத்தில் இருந்த பேராசிரியை கைப்பையைத் திறந்தார். மடித்த காகிதத்தில் இருந்த திருநீற்றை எடுத்து என் நெற்றி நிறையப் பூசினார். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார்: "யாரு வந்திருக்கீக? என்ன குத்தம் பண்ணிட்டோம்? என்ன வேணும், கேளுங்க."

முன்வரிசையில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டாள். ஓரத்தில் நின்ற வாட்ச்மேன் தொப்பியை எடுத்தார். எனக்குச் சாமி வந்துவிட்டதாம்.

எனக்கு வந்த ஆத்திரம் இப்போதும் எழுத்தில் அடங்கவில்லை. வயலினை அவன் எடுத்துக்கொண்டான். குரலை இன்டர்நெட்டுக்குக் கொடுத்தான். மிச்சமிருந்ததை இந்த அம்மா கருப்பசாமிக்குக் கொடுக்கிறார். என் குரலை எனக்குக் கொடுக்க அந்த அரங்கத்தில் ஒருவர்கூட இல்லை. சாமி வரவில்லை என்று சொல்லத்தான் திரும்பினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று உறைத்தது. பெண் பிள்ளை மேடையில் நிற்கக் கூடாது. சாமி கேட்டால் யாரும் மறுக்க முடியாது.

"மைக்கு வேணும்" என்றேன், அதே குரலில்.

"மைக்கக் குடுங்கப்பா! சாமி கேக்குதுல்ல!" என்று பேராசிரியை அலறினார். வழி விட்டார்கள். மேடை ஏறினேன். நடுவர் தன் மைக்கை இரண்டு கையாலும் நீட்டினார். கிடார்காரன் ஒதுங்கி நின்றான். அவன் கைகூடக் குவிந்திருந்ததோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. அப்படித்தான் நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

மைக்கை வாங்கியதும் என் சாதாரணக் குரலில் பேசினேன். "சாமி ஒண்ணும் வரல. அந்தக் குரல் என்னுது. வயலின் அத்தனையும் நான் எழுதி நான் வாசிச்சது. டின்னும் நாந்தான்." பிறகு என் பெயரைச் சொன்னேன். ஆயக்குடி என்றேன். அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சேர்த்தே சொன்னேன். "இன்டர்நெட்டு எங்க ஊருக்கு இன்னும் வரல" என்றும் சொன்னேன்.

பின்னால் பாய் ஒரே ஒரு தடவை சிம்பலை அடித்தான்.

பரிசு கிடைக்கவில்லை. பதிவு செய்த குரல் கூடாது என்று விதி இருந்ததாம், குழுவையே நீக்கிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் இனித்தது. வெளியே கிடார்காரன் கத்தினான்: "என் பாட்டக் கெடுத்துட்டடீ!"

"எந்தப் பாட்ட? சமையக்காரன் இல்லாத பந்தியவா?" என்றேன்.

கல்லூரியில் மிச்ச நாட்களில் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பரப்பினான். கேன்டீனில் என் பெஞ்சில் யாரும் உட்காரமாட்டார்கள். வசதியாகத்தான் இருந்தது. செய்தி எப்படியோ ஆயக்குடிவரை போனது. அம்மா பழத்தைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, "கிளி வெரட்டுற கொரலத்தான பேயிங்கறாங்க? அப்ப நம்ம தோப்புல எத்தன பேயி கெடக்குது!" என்றாள். பிறகு கையை நிறுத்திக் கேட்டாள்: "நெசமாலுமே மைக்குல எம்பேரச் சொன்னயா?"

"சொன்னேம்மா."

"எத்தன பேரு இருந்தாங்க?"

"அரங்கம் நெறைய."

அம்மா நல்ல பழமாக ஒன்றைப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள்.

வருத்தப்படுகிறாயா என்று பின்னாளில் சிலர் கேட்டார்கள். இல்லை. எனக்குப் போதவில்லை என்பதுதான் உண்மை. சாமி என்று நினைத்துக் கொடுத்த மைக் அது. நான் என்று தெரிந்து யாரும் கொடுக்கவில்லை. முதல் நாள் கிடார்காரன் கேட்ட கேள்விக்கும் நான் இன்னும் பதில் சொல்லியிருக்கவில்லை.

படிப்பு முடிந்தது. நான் திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறேன். பாய் பேகம்பூரில் அவன் அப்பாவின் கடையைப் பார்க்கிறான். கிடார்காரன் அதே நாகல் நகர் மாடியில் கிடார் வகுப்பு நடத்துகிறான், வாசலில் போர்டு மாட்டியிருக்கிறான். போன மாதம் அந்த வழியாக ஆட்டோவில் போனபோது, அவன் வீட்டுக்கு நேர் எதிரே, நேர் ஜன்னலோடு, ஒரு மாடி காலியாக இருப்பதைப் பார்த்தேன். இறங்கிவிட்டேன்.

"என்ன வகுப்பும்மா வைக்கப்போற?" என்றார் வீட்டுக்காரர்.

"பாட்டு வகுப்புங்க."

"சாமிப் பாட்டா?"

"அப்படின்னும் சில பேரு சொல்லுவாங்க" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

இன்று சாயங்காலம் கிடார்காரனின் வகுப்பு ஆரம்பிக்கும் நேரத்துக்கு முன்னாலேயே நாங்கள் கூடிவிட்டோம். என் பழைய பள்ளியின் பாடகர் குழுவில் வாசித்த எட்டுப் பெண்கள் வயலினோடு வந்திருக்கிறார்கள். நடுவரிசைக்குத்தான் அதிகம் பேரைப் போட்டிருக்கிறேன். பாயின் டிரம்ஸ் லோடு ஆட்டோவில் வந்தது. அதன் பக்கத்தில் ஆயக்குடி டின் இருக்கிறது. மைக் ஸ்டாண்டை என் உயரத்துக்கு இறக்கினேன். ஜன்னலை விரியத் திறந்து, ஸ்பீக்கரைத் தெருப்பக்கம் திருப்பினேன். பெண்கள் வில்லைத் தூக்கினார்கள், வயலின்கள் எழுந்தன, டின் அடி தொடங்கியது, நான் மூச்சை வயிற்றில் பிடித்து முதல் வரியை விட்டேன்.

எதிர்மாடியில் ஒரு கை அவசரமாக ஜன்னலைச் சாத்தியது. நான் பாயைப் பார்த்து, இன்னும் வேகமாக என்று சைகை காட்டினேன்.